விசில் அடிக்காத கறி

கீழ் வீட்டு அக்காவுக்குப் பாம்புச் செவி. மாடியில் எங்கள் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதை வைத்தே என்ன சமையல் என்று சொல்லிவிடுவார். இரண்டு அடித்தால் கோழி. நாலு அடித்தால் பருப்பு. ஆறு அடித்தால் ஆடு. ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகும்போது, கீழே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கு மட்டனா? ஆறு விசில் வந்துச்சே" என்பார். வேவு பார்க்கிற புத்தி அவருக்குக் கிடையாது. பகல் முழுக்க அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவர், காதில் விழுவதை வைத்துப் பேச்சுக் கொடுப்பார், அவ்வளவுதான். எனக்குத்தான் ஒவ்வொரு விசிலுக்கும் காது கீழ் வீட்டுப் பக்கமே போகும்.

காரணம் இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் அந்த மாடி வீட்டைப் பார்க்கப் போன அன்று, கீழ் வீட்டு அக்காவின் கணவர், அதாவது எங்கள் ஓனர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். "கோழி, மீனு, ஆடு எதுனா செஞ்சிக்கங்க. நாங்களும் துன்றவங்கதான். பெரிய கறி மட்டும் வேணாம். கீழ சாமி ரூம் கீது. நேரா அதுக்கு மேலதான் உங்க கிச்சன் வருது."

பெரிய கறி என்றால் மாட்டுக்கறி. அந்தச் சொல்லை வாயால் சொன்னாலே தீட்டு என்பதுபோல எங்கள் பக்கத்தில் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள்.

"ஐயையோ, நாங்க அதெல்லாம் சாப்பிடறதே இல்லண்ணா" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் கணவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். முந்தின ஞாயிறுதான் வயிறு நிறையத் தின்றிருந்தார்.

பொய் சொன்னதற்கு அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அது நாங்கள் பார்த்த பன்னிரண்டாவது வீடு. சில இடங்களில் கேட்டில் நிற்கும்போதே "சொந்த ஊர் எது, ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா" என்று ஆரம்பித்தார்கள். சில இடங்களில் கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் இந்த வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. என் கணவருக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, எனக்குப் பல்லாவரத்தில் தோல் பை கம்பெனியில் வேலை. பிள்ளை தனியாக நடந்து போய் நடந்து வர இதைவிடத் தோதான இடம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிகிறவரை இரண்டு வருடம் இந்தக் கூரை தலைக்கு மேல் இருந்தால் போதும். அதற்காக மாட்டை என்ன, ஆட்டையும் மீனையும்கூட விட்டதாகச் சொல்லியிருப்பேன்.

சொல்வது ஒன்று, இருப்பது ஒன்று. மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் அரைக் கிலோ வாங்கி வந்து, இஞ்சி பூண்டு அரைத்து, குக்கரில் போட்டேன். மாட்டுக்கறி ஆறு விசிலுக்கெல்லாம் மசியாது. ஒன்பது ஆனது. சாயங்காலம் அக்கா படிக்கட்டில் நின்று, "இன்னாம்மா, ஒம்போது விசில்? இன்னா வேவுது அப்படி?" என்றார்.

"கொண்டக்கடலைக்கா."

"ராத்திரியே ஊற வெச்சிருந்தா மூணு விசில்ல வெந்திருக்குமே. இவ்ளோ படிச்சவ, கேஸை வேஸ்ட் பண்றியே."

அன்றிலிருந்து குக்கரைத் தொட்டாலே எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டில், என் அடுப்பில், என் குக்கர் எத்தனை தடவை கத்தலாம் என்று நான் கணக்கு வைத்திருக்க வேண்டியிருந்தது. "ஒரு கறியை வுட்டா செத்தா போயிடுவ?" என்று என் கணவர் கேட்டார். சாக மாட்டேன். எனக்கு அது பிடிக்கும். அதற்கு மேல் காரணம் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறேன். கத்தரிக்காய் பிடித்தவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

வழி காட்டியது மகளின் கைபேசி. ஏதோ ஒரு நாட்டுக்காரர் வாணலியில் ஒரு பெரிய கறித் துண்டை முழுசாகப் போட்டு, இந்தப் பக்கம் மூன்று நிமிடம், அந்தப் பக்கம் மூன்று நிமிடம் வாட்டி எடுத்துத் தட்டில் வைத்தார். மகள் அவர் வெண்ணெயை அள்ளி அள்ளி ஊற்றுவதைப் பார்த்து வாய் பிளந்தாள். நான் வேறொன்றைப் பார்த்தேன். அவர் குக்கரே வைக்கவில்லை. விசில் இல்லை. எலும்பும் இல்லை, தெரு நாய் இழுத்துப் போய்க் கேட்டுக்கு முன்னால் போடுவதற்கு. மசாலா இல்லை, வாசனை படியிறங்கிப் போய்ச் சொல்லிக் கொடுப்பதற்கு. அதற்கு ஸ்டீக் என்று பெயராம். ஊரே அதை ருசிக்காகத் தின்கிறது. நான் சத்தம் வராது என்பதற்காக ஆரம்பித்தேன்.

பல்லாவரத்தில் கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தாண்டி ஒரு பீஃப் கடை. கடைக்கார பாய்க்கு என் முகம் தெரியும். அவரிடம் அண்டர்கட் கேட்டேன். முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற மிருதுவான சதைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"அண்டர்கட்டா? அத ஹோட்டல்காரங்க காலைலயே எடுத்துகினு போயிட்டாங்கக்கா. நாளைக்கு வேணா எடுத்து வெக்கிறேன். ஆனா ரேட்டு வேற."

அந்த ரேட்டுக்கு ஆட்டுக்கறியே வாங்கிச் சத்தமாக ஆறு விசில் விட்டுவிட்டுப் போகலாம். வேறு எது மெத்தென்று இருக்கும் என்று கேட்டேன். கொக்கியில் தொங்கியதைக் காட்டி, எதை எடுத்தாலும் நன்றாக வேகும் என்றார். கடைக்காரர் வேறு என்ன சொல்வார்.

என் வேலை தோலைப் பார்ப்பது. பதினாறு வருடமாக மேசையில் விரித்த தோலைக் கட்டை விரலால் அழுத்தி, இழுத்து, எங்கே இறுக்கம், எங்கே இழுபடும், எங்கே பைக்கு ஆகும், எங்கே உள் பட்டிக்குத்தான் ஆகும் என்று குறி போடுகிறேன். தோலை வைத்துப் பார்த்தால் அந்த மாடு எப்படி நடந்தது என்றுகூடத் தோராயமாகச் சொல்லலாம். அந்தக் கண்ணோடு கொக்கியைப் பார்த்தேன். நடக்க உதவுகிற காலும் கழுத்தும் முரடு. முதுகு சும்மா கிடக்கிற இடம், அதனால்தான் அண்டர்கட் அந்த விலை. முதுகு முடிந்து தொடை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சதை இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையாகக் கொழுப்புப் பட்டை, நார் எல்லாம் சீவிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே திசையில். பாதி உழைத்த இடம். விலையும் பாதிதான்.

"இந்த எடத்துல, ரெண்டு விரல் கனத்துக்கு, ஒரே துண்டா குடுங்க பாய்."

"அது கொஞ்சம் ரப்பரா இருக்கும்க்கா. எட்டு ஒம்போது விசில் வுடணும்."

"விசிலே வேணாம்."

"விசில் வேணாமா? பச்சையா துன்னப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே கறியைக் கட்டையில் வைத்தவர், என் கண் எதிரிலேயே பழக்க தோஷத்தில் டக் டக்கென்று குழம்புத் துண்டாகப் போட்டுவிட்டார். கை அதன் பாட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது துண்டை வெட்டும்போது நான் கட்டைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். "பேஜாரு புடிச்ச அக்காவா கீறியே" என்று அவர் கத்தியைப் பின்னால் இழுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவருவது தனி வேலை. எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி, பையில் வைத்து, மேலே முருங்கைக்கீரைக் கட்டைப் பரப்பி, ரயிலில் தாம்பரம் வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறி, கேட்டைத் திறக்கும்போது அக்கா எதிரே வந்தால் கீரையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு தடவை கீரையில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார். மிச்சப் பாதிக்கு அடியில் டப்பா மூடி பளபளவென்று தெரிந்தது. பையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

முதல் தடவை படுதோல்வி. கறி என்று கையில் எடுத்தால் மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசாமல் எங்களால் இருக்க முடியாது. நானும் அலசினேன். ஈரம் சொட்டச் சொட்டக் கல்லில் போட்டேன். வறுபடவில்லை, தன் தண்ணீரிலேயே தானே வெந்து, மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தில் கிடந்தது. பல்லில் வைத்து இழுத்தால் பல்தான் வரும் போலிருந்தது. "இத உங்க கம்பெனிலயே தெச்சிடலாம், நல்ல சோல் ஆகும்" என்றார் என் கணவர். மறு தடவை, கறி மசியப் பப்பாளிக்காய் தடவச் சொன்னார்களே என்று ராத்திரியே அரைத்துப் பூசி வைத்தேன். காலையில் தொட்டால் ரவை உப்புமா. அதைக் கரண்டியால் அள்ளித்தான் தின்றோம்.

பிறகுதான் புரிந்தது, அலசுவதை விட்டுவிட வேண்டும். அது லேசான காரியமில்லை, கை கூசும். ஈரத்தைத் துணியால் ஒற்றி, உப்பு மட்டும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் மேல்பக்கம் நல்ல தோல் மாதிரி காய்ந்துவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவரிடம் கனத்த இரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்கினேன். தோசைக்கு ஒன்று, இதற்கு ஒன்று. கல் புகைகிற அளவுக்குக் காய்ந்த பிறகு எண்ணெய் தடவிக் கறியைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளறக் கூடாது. கிளறாமல் நிற்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. திருப்பிப் போட்டு, வெண்ணெயும் தட்டின பூண்டும் மிளகும் சேர்த்து, இறக்கித் தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். கடைசியாக, நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே மெல்லிசு மெல்லிசாக அரிய வேண்டும். மலிவான சதையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. நாரோடு அரிந்தால் ரப்பர், குறுக்கே அரிந்தால் மெது. தோலை வெட்டிப் பழகின கைக்கு அது சொல்லிக் கொடுக்காமலே வந்தது.

சத்தம் இல்லை என்று மகிழ்ந்தவள் வெண்ணெயை மறந்துவிட்டேன். சூடான இரும்பில் வெண்ணெயும் மிளகும் பூண்டும் விழுந்தால் தெருமுனை வரை மணக்கும். அக்கா கீழிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா இது, ஆள இழுக்குது வாசனை? கேக்கா?"

"காளான்க்கா. வெண்ணெய்ல மிளகு போட்டு."

"எங்க, ஒருநா எனக்கும் குடேன்."

மறு வாரம் நிஜமாகவே காளான் வாங்கி, அதே வெண்ணெய், அதே மிளகு போட்டு ஒரு கிண்ணம் கீழே கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா முகம் சுருங்கியிருந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு வந்த வாசனை இதுல இல்லையேம்மா." அது வேறு ரகக் காளான் என்று உளறினேன். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் அவர்கள் வீட்டில் டி.வி. ஓடுகிற நேரமாகப் பார்த்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்வேன். அடுக்களை புகைக்கூடாகிவிடும். மூன்று பேரும் கண்ணீர் வழியத் தின்போம். மகளிடம் வகுப்பில் யாராவது ஞாயிறு என்ன சாப்பாடு என்று கேட்டால் காளான் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தேன். "பொய்க்கும் சேத்து மார்க் போடுவாங்களாம்மா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வேண்டும். கிருத்திகை. அக்காவும் ஓனரும் காலையிலேயே குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பிப் போனதைப் பார்த்தேன். மலையேறி, கும்பிட்டு, சாப்பிட்டுத் திரும்பச் சாயங்காலம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். என் கணவர் முதல் ஷிப்டு. வீட்டில் நானும் மகளும்தான். அந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றேன். காற்று வந்தது. அவசரமில்லாமல் செய்ததால் கறி அன்றைக்கு அப்படி அமைந்தது. மேலே கருஞ்சிவப்பாக மொறுமொறு, அரிந்தால் உள்ளே ரோஜா நிறம். தட்டில் வறுத்த உருளைக்கிழங்கோடு பரப்பினேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பப்பா, கேட்டு வரைக்கும் மணக்குது!"

அக்கா வாசலில் நின்றார். பட்டுப்புடவை, நெற்றி நிறைய விபூதி. கூட்டம் அதிகம் என்று தரிசனம் முடிந்ததும் திரும்பிவிட்டார்களாம். ஓனர் கீழே படுத்துவிட்டாராம். கையில் பஞ்சாமிர்தமும், முருகன் காலடியில் வைத்து எடுத்த ஒரு புதுப் பேனாவும். "பரீட்சைக்கு இத்தாலயே எழுதும்மா" என்று மகள் கையில் கொடுத்து, நெற்றியில் விபூதி வைக்கப் போனவர், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது நினைவு வந்து, கன்னத்தைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

தட்டைப் பார்த்தார். "இதான் நீ சொன்ன அந்த வேற ரகக் காளானா? அப்பவே நெனச்சேன். இன்னிக்கு எனக்கு விரதம்தான், காளான் துன்னலாம், தப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி ஒரு துண்டை எடுத்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் ஒன்றும் செய்யவில்லை. வாய் அடைத்துப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வாய் நன்றாகத்தான் இருந்தது, மூளையும் வேலை செய்தது. மூன்று வாரம்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பன்னிரண்டு வீட்டு கேட்டுகளும் நினைவுக்கு வந்தன. ஒரே ஒரு துண்டு, தெரியாமல் தின்றால் அவருக்குப் பாவம் சேராது என்று நினைத்தேன். இவர் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் பரீட்சை வரைக்கும் பிரச்சினை இல்லை என்றுகூட நினைத்தேன். துண்டு அவர் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, வேணாம். அது பீஃப்" என்றாள் மகள்.

அக்கா துண்டைத் தட்டில் வைத்தார். போடவில்லை, வைத்தார். எழுந்து போய் எங்கள் சிங்க்கில் கையைக் கழுவினார், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டு, மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கொழந்த சொல்லிச்சு. நீ இன்னாம்மா பாத்துகினு இருந்த?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் மகள் மேல். "உன்ன யார்டி கேட்டது?" என்று கத்தினேன். அவள் என்னைத் திருப்பிக் கத்தவில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்காங்கம்மா. எனக்காகத்தானே போனாங்க" என்றாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். நான் செய்ததிலேயே நன்றாக வந்த கறி அது. அதன் ருசி எனக்குத் தெரியாது.

மறுநாள் அக்கா பாதிப் படி ஏறி வந்து நின்று பேசினார். மேலே வரவில்லை. "எங்க வூட்டுக்காரர் கைல நான் ஒன்னும் சொல்லல. சொன்னா இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுவாரு. கொழந்த பரீட்ச முடியட்டும். அப்பால வேற வூடு பாத்துக்க." போகத் திரும்பியவர் நின்றார். "கறிக்கோசரம் சொல்லல நான். நீ துன்ன வுட்டிருப்ப இல்ல? அதுக்கோசரம்தான் சொல்றேன்."

எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. என் அடுப்பில் எது வேக வேண்டும் என்று சட்டம் போட்டது யார்? போன தீபாவளிக்கு எங்கள் கம்பெனியில் இருந்து நான் கொண்டுவந்து கொடுத்த தோல் கைப்பையோடுதானே நீங்கள் கல்யாணத்துக்கெல்லாம் போகிறீர்கள்? அந்த மாட்டின் சதையைத்தான் நான் தின்றேன். இப்படிக் கேட்க நாக்கு துடித்தது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. சட்டம் அவர்களுடையது, அது அநியாயம்தான். ஆனால் விரதம் இருக்கிற ஒரு மனுஷி வாய்க்கு அந்தத் துண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "சரிக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் கீழிருந்து குரல் வரவில்லை. அது இருந்தபோது கழுத்தை நெரித்தது. இல்லாதபோது வீடே செத்த மாதிரி ஆகிவிட்டது. நான் மாட்டுக்கறி வாங்கவில்லை. வாங்கினால் என்ன ஆகிவிடும் என்று தெரியாது, வாங்க மனம் வரவில்லை.

மகள் பரீட்சை எழுதி முடித்தாள். வீடு தேட ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரு முடிவோடு போனேன். கேட்டில் நிற்கும்போதே, அவர்கள் கேட்பதற்கு முன்பே, "மாட்டுக்கறி சாப்பிடுவோம்" என்று சொல்லிவிடுவேன். என் கணவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. முடிச்சூரில் ஒரு வீட்டுக்கார அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினார். பெருங்களத்தூரில் ஒருவர், "சாப்பிடுங்க, எங்க வேணா சாப்பிடுங்க, இங்க வேணாம்" என்றார். சேலையூரில் மாடிப்போர்ஷன் இன்னும் காலியாகவில்லை என்றார்கள். காலி வீட்டின் ஜன்னல் திறந்து கிடந்தது. ஏழு வீடு ஆகிவிட்டது. மே மாதமும் பாதி போய்விட்டது.

ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது, அக்கா கூழ்வடகம் பிழிந்த தட்டோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார் என்று ஒதுங்கி நின்றேன். நின்றார்.

"வூடு கெடச்சிச்சா?"

"இல்லக்கா."

"இன்னாத்துக்குக் கெடைக்கல? தாம்பரத்துல இல்லாத வூடா?"

"மாட்டுக்கறி சாப்பிடுவோம்னு சொல்றேன்க்கா. கதவ சாத்திடறாங்க."

அவருக்கு நிஜமாகவே ஆற்றாமையாகிவிட்டது. முகத்தில் தெரிந்தது. தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, பழைய குரலில், என் பிள்ளைக்குப் பேனா கொண்டுவந்த அந்தக் குரலில் சொன்னார்.

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா சொல்லிகினு கீற? வாய மூடிகினு குடியேற வேண்டியதுதானே?"

"உங்க வீட்டுக்கு அப்படித்தான்க்கா வந்தேன்" என்றேன்.